ஜோஷ் கிப்சன்: கணக்கில் சேர்க்கப்படாத ஆட்டக்காரர்

பேஸ்பாலில் மட்டையாளருக்குப் பின்னே குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர் கேட்சர். கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரைப் போன்றவர். எக்காலத்துக்கும் சிறந்த கேட்சர் யார் என்ற விவாதம் எழும்போது அமெரிக்கர் பலர் ஜானி பெஞ்சையோ யோகி பெராவையோ சொல்வர். நாம் ஜோஷ் கிப்சனைச் சொல்கிறோம்.

1911இல் ஜார்ஜியாவில் பிறந்தவர் கிப்சன். தந்தை எஃகு ஆலைத் தொழிலாளியானதால் குடும்பம் பிட்ஸ்பர்க்கில் குடியேறியது. 1930இல் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியில் சேர்ந்தார். அதே ஆண்டு மனைவி ஹெலன் பிரசவத்தில் இறந்தார். கறுப்பினத்தவர் லீக்குகளில் அவரளவு வலிமையாய்ப் பந்தை அடித்தோர் அரிது. ஆயினும் பெரிய லீக்குகள் அவரைச் சேர்க்கவில்லை. கறுப்பரை விலக்கும் சட்டம் எதுவும் எழுதப்படவில்லை. அணி உரிமையாளர்களின் எழுதாத உடன்பாடே போதுமானதாயிருந்தது. எழுதப்படாத விதியை எதிர்த்து வழக்காடுவதே கடினம் என்பதை நாம் அறிவோம்.

மூளைக்கட்டியால் துன்புற்றும் ஆட்டத்தைத் தொடர்ந்த கிப்சன், 1947 ஜனவரி 20 அன்று 35ஆம் வயதில் மறைந்தார். மூன்றே மாதங்களில் ஜாக்கி ராபின்சன் அத்தடையை உடைத்துக் களமிறங்கினார். கிப்சனின் கல்லறைக்கோ பல ஆண்டுகள் பெயர்க்கல்லும் இல்லை.

1972இல் ஹால் ஆஃப் ஃபேம் அவரை ஏற்றது. 2024இல் அந்த லீக்குகளின் ஆட்டங்களும் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்ந்தபோது, 0.372 சராசரியுடன் டை காப்பை முந்தி அவர் முதலிடம் பெற்றார். கிப்சன் அடித்த பந்துகள் அவையேதாம். எண்ண மறுத்தவர்கள் 77 ஆண்டுகள் கழித்து எண்ணினர். சிறந்தவர் யாரென வினவுமுன், ஆட விடப்பட்டோர் யாரென வினவுவோம்.