ஜான் சல்லிவன்

ஜான் சல்லிவன் (15 சூன் 1788 - 16 சனவரி 1855) பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பனியின் நிருவாக அலுவலர் ஆவார். 1815ஆம் ஆண்டு முதல் 1830ஆம் ஆண்டு வரை கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றினார். நீலகிரி மலையில் உதகமண்டலம் நகரை உருவாக்கியவராக இவர் அறியப்படுகிறார். கோடை விடுமுறையில் மலைக்குச் சென்று நடைப்பயணம், குதிரையேற்றம், படகுப் பயணம் ஆகியவற்றில் பொழுதைக் கழிக்கும் வழக்கம் தென்னிந்தியாவில் வேரூன்ற இவரது முயற்சிகளே தொடக்கமாக அமைந்தன. மலையின் நிலத்தில் தோடர்களுக்குள்ள உரிமையை அரசு மதிக்க வேண்டும் என்று வாதாடியவரும் இவரே.

பின்னணி

நீலகிரி மலை, 1799ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கம்பனியின் ஆட்சிக்குள் வந்தது. அப்போது அது கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் ஆகிய மக்கள் நெடுங்காலமாக அங்கு வாழ்ந்து வந்தனர். தோடர்கள் உயர்ந்த புல்வெளிகளில் எருமை மேய்த்தனர். கோத்தர்கள் இரும்பு வேலை, மட்பாண்டம் முதலிய கைத்தொழில்களைச் செய்தனர். படகர்கள் வேளாண்மை செய்தனர். சமவெளியுடன் வணிகத் தொடர்பு இருந்தபோதிலும், மலையின் உயர்ந்த பகுதிகள் ஐரோப்பியருக்குப் பெரும்பாலும் அறியப்படாதவையாகவே இருந்தன.

1603ஆம் ஆண்டில் பெனிசியோ என்னும் இயேசு சபைப் பாதிரியார் மலையேறித் தோடர்களைச் சந்தித்துக் குறிப்பு எழுதினார். அதன்பின் இரு நூற்றாண்டுகள் கழித்து, 1812ஆம் ஆண்டில் வில்லியம் கீஸ் தலைமையில் நில அளவைக் குழு ஒன்று மலைக்குச் சென்றது. 1818ஆம் ஆண்டில் விஷ், கின்டர்ஸ்லி என்னும் இரு இளம் அலுவலர்கள் மலையேறித் திரும்பி, அங்குள்ள குளிர்ந்த காலநிலையைப் பற்றிச் சல்லிவனிடம் தெரிவித்தனர்.

மலைப் பயணம்

இச்செய்தியை நேரில் அறிய விரும்பிய சல்லிவன், 1819ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஒரு குழுவுடன் புறப்பட்டார். அப்போது மலைக்குச் சாலை ஏதும் இல்லை. அடர்ந்த காடும் செங்குத்தான சரிவும் கொண்ட பாதையில் பல நாட்கள் நடந்து குழுவினர் மேட்டுநிலத்தை அடைந்தனர். இப்பயணத்தில் குழுவினர் சிலர் உயிரிழந்ததாகக் கூறப்படுகிறது.

அதே ஆண்டில் சல்லிவன் மீண்டும் மலைக்குச் சென்றார். இம்முறை பிரெஞ்சு இயற்கையியலாளர் லெசனோ தெ லா தூர் உடன் சென்றார். உடல்நலம் குன்றியிருந்த அவர் மலையில் தங்கி நலம் பெற்றதுடன், அங்குள்ள தாவரங்களையும் சேகரித்தார். கோடை வெப்பத்தாலும் காய்ச்சலாலும் ஐரோப்பியர் பெருமளவில் இறந்த காலம் அது. நோயுற்றவர்கள் கடல் கடந்து செல்லாமல் அருகிலேயே நலம் பெற ஓர் இடம் உண்டு என்பதை இந்நிகழ்வு காட்டியது. சல்லிவன் தம் நண்பர் தாமஸ் மன்றோவுக்கு எழுதிய மடலில் நீலகிரியைச் சுவிட்சர்லாந்துடன் ஒப்பிட்டிருந்தார்.

சாலையும் முதல் வீடும்

கோத்தகிரிக்கு அருகிலுள்ள திம்பட்டிப் பகுதியில், கன்னேரிமுக்கு என்னும் ஊரில் சல்லிவன் 1819ஆம் ஆண்டில் ஒரு வீடு கட்டினார். இது நீலகிரியில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடாகக் கருதப்படுகிறது. சமவெளியில் உள்ள சிறுமுகையிலிருந்து திம்பட்டிக்குச் சாலை அமைக்கும் பணியை அவர் தொடங்கி வைத்தார். மக்பர்சன் என்னும் படை அலுவலரின் மேற்பார்வையில் நடந்த இப்பணி 1823ஆம் ஆண்டில் நிறைவுற்றது. சாலைப் பணியில் சிறைக் கைதிகளின் உழைப்பு பயன்படுத்தப்பட்டது. குன்னூர் வழியாகச் செல்லும் மலைப்பாதை 1830களில்தான் அமைந்தது.

1820ஆம் ஆண்டில் சல்லிவன் என்றியெட்டா சிசிலியா ஆரிங்டன் என்பவரை மணந்தார். நீலகிரி மலையில் குடியேறிய முதல் ஐரோப்பியப் பெண் இவரே என்று கருதப்படுகிறது.

உதகமண்டலம்

கோத்தகிரிக்கு மேற்கே, இன்னும் உயரமான இடத்தில் இருந்த ஒரு பள்ளத்தாக்கு சல்லிவனைக் கவர்ந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள அப்பள்ளத்தாக்கில் தோடர்களின் குடியிருப்புகள் இருந்தன. தோடர் குடியிருப்பு மந்து எனப்படும். ஒற்றைக்கல் மந்து என்பதே உதகமண்டலம் என்னும் பெயருக்கு மூலம் என்பது ஒரு கருத்து ஆகும்.

அங்கு தோடர்களிடமிருந்து நிலம் பெற்று, 1822ஆம் ஆண்டில் கல் வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். உதகையின் முதல் ஐரோப்பியக் கட்டடமான இது கல் பங்களா என்று மக்களால் அழைக்கப்பட்டது. தற்போது இக்கட்டடம் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் உள்ளது. உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, முள்ளங்கி, பார்லி ஆகிய பயிர்களையும் ஆப்பிள், பீச் முதலிய பழமரங்களையும் சல்லிவன் மலையில் பயிரிட்டுப் பார்த்தார். நீலகிரியில் இன்று விளையும் மலைக் காய்கறிகளின் வரலாறு இம்முயற்சிகளுடன் தொடர்புடையது.

1823ஆம் ஆண்டுக்கும் 1825ஆம் ஆண்டுக்கும் இடையில், பள்ளத்தாக்கின் ஓடைகளைக் கரை கட்டித் தடுத்து உதகை ஏரியைச் சல்லிவன் உருவாக்கினார். இது இயற்கை ஏரி அன்று என்பது குறிப்பிடத்தக்கது. தொடக்க காலத்தில் ஏரி மிகப் பெரியதாக இருந்தது. கரை உடைந்து பலமுறை நீர் வெளியேறியதும், ஏரியின் சில பகுதிகள் மேடாக்கப்பட்டுப் பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் அமைந்ததும் அதன் பரப்பைக் குறைத்தன. 1826ஆம் ஆண்டில், அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ உதகைக்கு வந்து சல்லிவனின் விருந்தினராகத் தங்கினார்.

தோடர் நில உரிமை

மன்றோவுக்குப் பின் ஆளுநரான ஸ்டீபன் லஷிங்டன் உதகையைப் படைவீரர்கள் நோய் தீர்ந்து ஓய்வு பெறும் இடமாக வளர்க்க விரும்பினார். 1828ஆம் ஆண்டில் உதகை படை அலுவலர் ஒருவரின் பொறுப்பில் விடப்பட்டது. இதனால் சல்லிவனின் அதிகாரம் குறைந்தது. 1830ஆம் ஆண்டில் நீலகிரியின் மேற்குப் பகுதி மலபார் மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது. 1843ஆம் ஆண்டில் அது மீண்டும் கோயம்புத்தூருடன் இணைந்தது.

இவ்விரு தரப்பினருக்கும் இடையிலான பூசலில் தோடர்களின் நில உரிமையே முதன்மையான இடம் பெற்றது. மலையின் புல்வெளிகள் தோடர்களுக்கே உரியவை என்றும், குடியேறுவோர் அவர்களுக்கு இழப்பீடு அளித்தே நிலத்தைப் பெற வேண்டும் என்றும் சல்லிவன் வாதாடினார். நிலம் அரசுக்கே உரியது, தோடர்களுக்கு மேய்ச்சல் உரிமை மட்டுமே உண்டு என்பது எதிர்த்தரப்பின் கருத்து. முழு உரிமை என்னும் கோரிக்கையை அரசு இறுதிவரை ஏற்கவில்லை. தோடர்களின் உரிமை மேய்ச்சல் அளவில் சுருங்கியது.

சல்லிவனின் நிலைப்பாட்டில் ஒரு முரண்பாடும் உள்ளது. உதகைப் பள்ளத்தாக்கில் பெருமளவு நிலத்தை முதலில் பெற்றவர் அவரே. அவர் அமைத்த சாலையே பிறரையும் அங்குக் கொண்டுவந்தது. இதைக் காட்டி அவரது எதிர்ப்பாளர்கள் குறை கூறினர். எனினும், ஒரு சிறு மக்கள் குழுவின் நில உரிமைக்காக ஓர் ஆட்சியர் தம் அரசுடனேயே முரண்பட்டது அக்காலத்தில் அரிய செயலாகும்.

பிற்காலம்

1830ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்ற சல்லிவன், சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் இந்தியா வந்து சென்னை வருவாய் வாரியத்திலும் ஆளுநரின் மன்றத்திலும் பணியாற்றினார். 1838ஆம் ஆண்டில் அவரது மனைவி என்றியெட்டாவும் மகள் ஆரியட்டும் அடுத்தடுத்து இறந்தனர். நோயுற்றோர் நலம் பெறுவதற்காக அவர் உருவாக்கிய ஊரிலேயே, புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில், இருவரும் அடக்கம் செய்யப்பட்டனர். 1841ஆம் ஆண்டில் சல்லிவன் பணியிலிருந்து விலகித் தாயகம் திரும்பினார்.

அதன்பின் கம்பனி ஆட்சியின் குறைகளை அவர் வெளிப்படையாக எடுத்துரைத்தார். இந்தியாவின் செல்வம் இங்கிலாந்துக்கு உறிஞ்சப்படுவதைக் கண்டித்தார். உயர் பதவிகள் இந்தியருக்கும் அளிக்கப்பட வேண்டும் என்றும், இந்திய அரசர்களுடன் செய்த உடன்படிக்கைகள் மதிக்கப்பட வேண்டும் என்றும் எழுதினார். 1855ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் காலமானார்.

மலை விடுமுறையின் வளர்ச்சி

சல்லிவனுக்குப் பின் உதகை விரைவாக வளர்ந்தது. 1848ஆம் ஆண்டில் தாவரவியல் பூங்காவின் பணிகளை வில்லியம் மெக்ஐவர் ஏற்றார். 1870ஆம் ஆண்டு முதல் உதகை சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராக விளங்கியது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை இருப்புப்பாதை 1899ஆம் ஆண்டில் குன்னூருக்கும் 1908ஆம் ஆண்டில் உதகைக்கும் வந்தது. 2005ஆம் ஆண்டில் இது யுனெசுகோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அக்கால ஐரோப்பியர் புல்வெளிகளில் குதிரையேறி வேட்டையாடுவதை முதன்மைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தனர். இதனால் வரையாடு முதலிய விலங்குகள் பெரிதும் குறைந்தன. வேட்டையைக் கட்டுப்படுத்த 1877ஆம் ஆண்டில் ஒரு சங்கமும், 1879ஆம் ஆண்டில் ஒரு சட்டமும் தோன்றின. ஓடைகளில் தூண்டில் போடுவதற்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிரவுட் மீன் கொண்டுவந்து வளர்க்கப்பட்டது. யூக்கலிப்டசு, சீகை ஆகிய அயல் மரங்கள் புல்வெளிகளை மெல்லச் சூழ்ந்துகொண்டன.

இன்று துப்பாக்கியின் இடத்தை ஒளிப்படக் கருவியும் தொலைநோக்கியும் பிடித்துள்ளன. ஏரியில் படகுப் பயணம், 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா சிகரத்தில் காட்சி காணுதல், பறவை நோக்குதல், சோலைக் காட்டோரம் நடைப்பயணம் ஆகியவை பயணிகள் விரும்பும் செயல்களாகும். தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டில் மாநிலம் முழுவதும் 40 மலையேற்றப் பாதைகளை வழிகாட்டிகளின் துணையுடன் திறந்தது. அவற்றுள் நீலகிரிப் பாதைகளும் அடங்கும்.

நீலகிரியின் மேற்கு விளிம்பில் உள்ள முக்கூர்த்தி, 1982ஆம் ஆண்டில் காட்டுயிர்ப் புகலிடமாகவும் 1990ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 78.46 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பூங்கா, வரையாடுகளைக் காப்பதற்காக அமைந்தது. 2,554 மீட்டர் உயரமுள்ள முக்கூர்த்தி சிகரம் தோடர்களின் நம்பிக்கையில் புனிதமானது. இறந்தோர் மறு உலகுக்குச் செல்லும் வழியோடு அவர்கள் இதைத் தொடர்புபடுத்துகின்றனர். வனத்துறையின் இசைவின்றி இப்பூங்காவுக்குள் நுழைய இயலாது.

பயணிகளின் பெருக்கம் மலைக்குப் பெருஞ்சுமையாகியுள்ளது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024ஆம் ஆண்டு மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கு இணையவழி நுழைவுச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டுக் கோடையில் நாளொன்றுக்கு அனுமதிக்கப்படும் வாகனங்கள் வார நாட்களில் 6,000 எனவும், வார இறுதியில் 8,000 எனவும் வரையறுக்கப்பட்டன.

நினைவுகள்

கன்னேரிமுக்கில் உள்ள சல்லிவனின் முதல் வீடு பாழடைந்த நிலையிலிருந்து மீட்கப்பட்டு நினைவகமாகவும் அருங்காட்சியகமாகவும் விளங்குகிறது. இங்கிலாந்தில் நெடுங்காலம் அறியப்படாதிருந்த அவரது கல்லறையும் அண்மைக் காலத்தில் கண்டறியப்பட்டது. உதகையின் 200ஆம் ஆண்டையொட்டி 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கு அவரது சிலையைத் தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் திறந்து வைத்தார்.

மதிப்பீடு

நீலகிரி மலையைச் சல்லிவன் கண்டுபிடித்தார் என்று சில நூல்களில் காணப்படும் கூற்று சரியன்று. அவருக்கு முன்னரே அங்கு மக்கள் வாழ்ந்தனர், பிற ஐரோப்பியரும் சென்றிருந்தனர். மலைக்கு வழி அமைத்து, அதை ஓய்விடமாக மாற்றியதே அவரது பணி. அவ்வாறு மாற்றும்போது அங்கு முன்பே வாழ்வோருக்கு என்ன கடமைப்பட்டுள்ளோம் என்னும் கேள்வியையும் அவர் எழுப்பினார். சாலையும் ஏரியும் நிலைத்தன. நில உரிமை பற்றிய அவரது பரிந்துரை ஏற்கப்படவில்லை. விடுமுறைக்கு உதகை செல்வோர் காணும் புல்வெளிகளில் எஞ்சியிருக்கும் தோடர் மந்துகள் அவ்வரலாற்றின் சான்றுகளாக உள்ளன.