ஜி. டி. நாயுடு

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு தோன்றியவர் ஜி. டி. நாயுடு. பள்ளிப் படிப்பில் அவர் மனம் செல்லவில்லை. ஒருநாள் ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இன்றி ஓடிய அவ்வண்டி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனை வாங்கும்பொருட்டு உணவுவிடுதியில் பணியாளாய் அமர்ந்து பொருள் சேர்த்தார். வாங்கிய வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அதுவே அவர் பயின்ற கல்லூரி!

1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தைத் தாமே ஓட்டினார். நாளடைவில் அத்தொழில் பெருநிறுவனமாய் வளர்ந்தது. ஆனால், கார் அக்காலத்தில் செல்வர் வீட்டுப் பொருள். 1952இல் இருவர் அமரத்தக்க சிறு காரை நாயுடு உருவாக்கினார். விலையோ 2,000 ரூபாய்தான். எனினும், அதனை ஆக்க அரசின் உரிமம் கிடைத்திலது; வேலை நின்றது. 1974இல் நாயுடு மறைந்தார். எளியோர் வாயிலை அவ்வண்டி அடையாமலே போயிற்று.