கண்டெடுத்தவரின் பெயர்

ஒரு பொருளின் மதிப்பில் அதற்காக உழைத்தவருக்குச் சேரும் பங்கு எவ்வளவு? பொருளியல் வகுப்புகளில் பல ஆண்டுகள் இக்கேள்வியை மாணவர்முன் வைத்தேன். ஓய்வுக்குப் பின் மேரி ஆனிங்கின் வாழ்க்கையைப் படித்தபோது, அதே கேள்வி என்னிடமே திரும்பி வந்தது.

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் உள்ள லைம் ரீஜிஸ் என்னும் சிற்றூரில் 1799-இல் பிறந்தவர் மேரி. தச்சரான தந்தை 1810-இல் கடனை மட்டும் விட்டுவிட்டு இறந்தார். கடலோரப் பாறைச் சரிவுகளில் புதைபடிவங்களைத் தோண்டி எடுத்து விற்பதே குடும்பத்தின் பிழைப்பாயிற்று. குளிர்காலத்தில் சரிவுகள் இடிந்து விழும்போதுதான் புதிய எலும்புகள் வெளிப்படும். ஆபத்தும் அப்போதுதான் மிகுதி. 1833-இல் நேர்ந்த சரிவொன்றில் அவருடைய வளர்ப்பு நாய் அவர் அருகிலேயே மடிந்தது.

1828 டிசம்பரில் அவர் விந்தையானதோர் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். பிரிட்டனில் அடையாளம் காணப்பட்ட முதல் டெரோசார், அதாவது பறக்கும் ஊர்வன, அதுவே. இவ்வுயிரினங்கள் பறவைகளும் அல்ல, வௌவால்களும் அல்ல. டைனோசார்களுக்கு நெருங்கிய உறவுடைய தனிக் கிளை. மிக நீண்ட நான்காம் விரலே இறக்கைச் சவ்வைத் தாங்கியது. ஜெர்மனியில் முன்பே கிடைத்த படிவம் ஊர்வன இனத்தைச் சேர்ந்தது என்று பிரெஞ்சு அறிஞர் குவியே 1801-இலேயே தெளிவுபடுத்தியிருந்தார்.

மேரியின் படிவத்தை ஆராய்ந்த பக்லாண்டு, பெரிய நகங்களைக் கருதி அதற்கு டெரோடாக்டிலஸ் மேக்ரோனிக்ஸ் எனப் பெயரிட்டார். இரு வகைப் பற்கள் இருப்பது கண்டு, ரிச்சர்ட் ஓவன் 1859-இல் அதை டைமார்ஃபோடான் என்னும் தனிப் பேரினமாக்கினார். வகைப்பாடு திருந்தத் திருந்த, அதில் இடம்பெற்ற அறிஞர்களின் பெயர்களும் நிலைபெற்றன.

பக்லாண்டு தம் கட்டுரையில் மேரியைக் குறிப்பிட்டது அவருடைய நேர்மை. ஆனால், மேரி 1823-இல் கண்டெடுத்த பிளீசியோசார் பற்றி லண்டன் புவியியல் கழகத்தில் அறிஞர்கள் விவாதித்தபோது அவர் பெயர் இடம்பெறவில்லை. அக்கழகம் பெண்களைக் கூட்டங்களுக்கும் அனுமதிக்கவில்லை. முறையான கல்வி பெறாத அவரோ, அறிவியல் கட்டுரைகளைக் கையால் படியெடுத்துப் பயின்றார்; மீன்களை அறுத்துப் பார்த்து உடற்கூறு கற்றார்.

1847-இல் மார்பகப் புற்றுநோயால் தம் 47-ஆம் வயதில் அவர் மறைந்தார். மறுஆண்டு கழகத் தலைவர் தம் உரையில் அவருக்கு அஞ்சலி செலுத்தினார். உறுப்பினராக வாசலைக் கடக்க முடியாதவருக்கு, இறந்த பின்னர் அவையில் இடம் கிடைத்தது.

இன்றும் ஆய்வுக்கூட உதவியாளர், களப்பணியாளர், தரவு சேகரிப்பவர் எனப் பலர் உழைக்க, ஆய்வேடு வேறொருவர் பெயரில் வெளிவருகிறது. நானும் ஆய்வு வழிகாட்டியாக இருந்தவன். இதில் எனக்குப் பங்கில்லை என்று கூற மனம் ஒப்பவில்லை. கூலி கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்றே நினைத்திருந்தேன். உழைத்தவரின் பெயரை உரிய இடத்தில், அவர் வாழும்போதே எழுதுவதும் அக்கடனின் ஒரு பகுதியே.