விதி மாறினால் மாயம் மாறும்: பலகை ஆட்டங்களின் ராஜா மும்மடி கிருஷ்ணராஜ உடையார் யார்?

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, மந்திரவாதியாகவும் வீரனாகவும் கதை சொல்லி விளையாடும் ஆட்டங்கள் இப்போது நம்ம ஊர் கல்லூரி விடுதிகளுக்கும் வந்துவிட்டன. அதில் மூத்தது 1974-ல் அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. இந்த ஆட்டக்காரர்களிடம் முடியாத சண்டை ஒன்று உண்டு: எந்தப் பதிப்பில் மந்திரம் சரியாக வேலை செய்கிறது?

பழைய பதிப்பில் மந்திரவாதி காலையிலேயே மந்திரத்தை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஒருமுறை சொன்னால் அது மறந்துபோகும். 2008-ல் வந்த நான்காம் பதிப்பில் சில மந்திரங்களை எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், சிலவற்றைச் சண்டைக்கு ஒருமுறை, சிலவற்றை நாளுக்கு ஒருமுறைதான். 2014-ன் ஐந்தாம் பதிப்பில் கணக்கு மறுபடி மாறியது. பெயர் ஒன்றுதான். விதி மாறினால் மாயமும் மாறிவிடும்.

இதே வேலையை 19-ம் நூற்றாண்டிலேயே ஒருவர் தன் அரண்மனையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார். ஒரே சீட்டாட்டத்துக்குப் பல கட்டுகள், ஒரே சதுரங்கப் பலகைக்குப் பல புதிர்கள். அவர் மைசூர் ராஜா மும்மடி கிருஷ்ணராஜ உடையார். அவருடைய கதையைத் திருச்சி பொன்மலையிலிருந்து தொடங்குவதுதான் சரி.

பொன்மலையில் தொடங்கிய சரிவு

பொன்மலை என்றதும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பும் சந்தையும்தான் ஞாபகம் வரும். ஆனால் 1753 ஜூனில் அந்தக் குன்றைச் சுற்றி ஒரு பெரிய போர் நடந்தது. ஒரு பக்கம் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் தலைமையில் ஆங்கிலேயப் படை. மறுபக்கம் பிரெஞ்சுக்காரர்களும் அவர்களோடு சேர்ந்த மைசூர் படையும்.

மைசூருக்குத் திருச்சியில் என்ன வேலை? ஆற்காடு நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் மோதிக்கொண்டிருந்தார்கள். உதவிக்கு வந்தால் திருச்சிக் கோட்டையைத் தருகிறேன் என்று மைசூரின் தளவாய் நஞ்சராஜரிடம் முகமது அலி வாக்குக் கொடுத்தார். 1752-ல் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். கோட்டை மட்டும் கைமாறவில்லை. ஏமாந்த நஞ்சராஜர் ஸ்ரீரங்கத்தில் முகாம் போட்டு, பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் சாய்ந்தார். பொன்மலையில் தோல்வி. கோட்டை கடைசிவரை கிடைக்கவே இல்லை. 1755-ல் வெறும் கையோடு ஊர் திரும்பினார்.

இந்தத் திருச்சிப் படையெடுப்பில் மைசூர் கஜானா காலியானது. சம்பள பாக்கிக்காகச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். அந்தக் குழப்பத்தில் மேலே வந்தவர், அதே திருச்சிப் போரில் பணியாற்றிய ஹைதர் அலி. 1761-க்குள் மைசூரின் அதிகாரம் முழுக்க அவர் கைக்குப் போனது. உடையார்கள் பெயரளவு ராஜாக்கள் ஆனார்கள்.

ஐந்து வயது நிரம்பாத ராஜா

மும்மடி பிறந்தது 1794 ஜூலை 14. ‘மும்மடி’ என்றால் மூன்றாவது கிருஷ்ணராஜர் என்று அர்த்தம். அப்பா சாமராஜ உடையார் 1796-ல் இறந்தபோது, திப்பு சுல்தான் அடுத்த ராஜாவை அமர்த்தவே இல்லை. பெயரளவு அரியணையும் போனது. அரச குடும்பம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு சாதாரண வீட்டில் வைக்கப்பட்டது.

1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து, திப்பு கொல்லப்பட்டார். ஆங்கிலேயர்களுக்கு மைசூரில் ஒரு ராஜா தேவைப்பட்டார். பாட்டி லட்சுமி அம்மணி வருடக்கணக்காக ரகசியத் தூது அனுப்பிக் காத்திருந்தது இதற்காகத்தான். ஜூன் 30 அன்று அந்தப் பையனை அரியணையில் உட்கார வைத்தார்கள். மைசூரில் அரண்மனைகூட மிச்சமில்லாததால், விழா பந்தலில்தான் நடந்தது. அவருக்கு ஐந்து வயது நிரம்ப இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

விலையும் இருந்தது. ஆண்டுக்கு 7 லட்சம் நட்சத்திர வராகன் கம்பெனிக்குக் கப்பம். நிர்வாகம் திவான் பூர்ணையா கையில். திப்புவின் கஜானாவைப் பார்த்துக்கொண்ட அதே பூர்ணையாதான்.

அதிகாரம் போன நாள்

1811 வாக்கில் மும்மடி நேரடியாக ஆட்சிக்கு வந்தார். கலைஞர்களுக்கும் கோயில்களுக்கும் வாரிக் கொடுத்தார். இதில் செலவு கைமீறிப் போனது. வரிவசூலைக் குத்தகைக்கு விட்டதில் குடியானவர்கள் கசங்கினார்கள். 1830-ல் நகர் பகுதியில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள்.

கிளர்ச்சியை அடக்கக் கம்பெனிப் படை வந்தது. பின்னாலேயே கவர்னர் ஜெனரல் வில்லியம் பென்டிங்கின் கடிதமும் வந்தது. 1831 அக்டோபரில் ஆட்சி கைமாறியது. ராஜா என்ற பட்டம் இருக்கும், ஆட்சி கிடையாது. ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகன் படியும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் தருவார்கள். நிர்வாகம் பெங்களூரில் உட்கார்ந்த கமிஷனர்களிடம் போனது. அதில் மார்க் கப்பன் மட்டுமே 1834 முதல் 1861 வரை நாட்டை நடத்தினார்.

அப்போது மும்மடிக்கு வயது 37. அதன்பின் இன்னும் 36 வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். மனு மேல் மனு போட்டார். ஆட்சி திரும்பி வரவில்லை. அந்தக் காலத்தில்தான் ஆட்டப் பலகைகள் குவிந்தன.

36-லிருந்து 360 வரை

‘ஸ்ரீதத்துவநிதி’ என்பது மும்மடியின் பெயரில் உருவான பெரிய சித்திர நூல். ஒன்பது பகுதிகள். முதல் பகுதிகளில் சக்தி, விஷ்ணு, சிவன் என்று தெய்வ வடிவங்கள். கடைசிப் பகுதி ‘கௌதுக நிதி’. வியப்பும் விளையாட்டும் அதில்தான். 122 யோகாசனப் படங்கள் இருப்பதும் இங்கேதான். கூடவே கஞ்சிஃபா சீட்டுகளின் விவரம்.

கஞ்சிஃபா என்பது வட்ட வடிவச் சீட்டு. 1527-ல் சிந்துவிலிருந்த நண்பருக்கு ஒரு கட்டு அனுப்பியதைப் பாபர் தன் நாட்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். மொகலாயக் கட்டில் 8 வகை, வகைக்கு 12 வீதம் 96 சீட்டு. ஒவ்வொரு வகையிலும் ராஜா, மந்திரி, பிறகு ஒன்று முதல் பத்து.

இதில் ஒரு வேடிக்கை. பாதி வகைகளில் பத்துதான் பெரிய எண், ஒன்று சின்னது. மீதிப் பாதியில் தலைகீழ்: ஒன்று பெரியது, பத்து சின்னது. கையில் இருக்கும் எண்ணுக்குத் தனியாக மதிப்பே கிடையாது, அது எந்த வகையில் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

இதே ஆட்டம் இந்துக் கோயில் உலகத்துக்குள் வந்தபோது தசாவதாரக் கட்டு ஆனது. 10 அவதாரம், 120 சீட்டு. பகலில் ஆடினால் ராமர் சீட்டு வைத்திருப்பவர் ஆட்டத்தைத் தொடங்குவார். இரவில் ஆடினால் கிருஷ்ணர் சீட்டுக்காரர். விளக்கு வைத்ததும் சீட்டின் சக்தி மாறுகிறது.

மும்மடி இதை எடுத்து வளர்த்தார். அவருடைய கட்டுகள் 36 சீட்டில் தொடங்கி 360 சீட்டு வரை போகின்றன. ராஜா, மந்திரியோடு நிற்காமல் கூடுதல் படச் சீட்டுகள். கிரகங்கள், தேவியின் வடிவங்கள் என்று புதுப்புது வகைகள். சின்னக் கட்டில் யாரிடம் எது இருக்கிறது என்று ஊகிக்கலாம். 360 சீட்டில் எந்தச் சீட்டு போனது, எது பாக்கி என்று நினைவில் வைத்திருப்பதே பாதி ஆட்டம். ஒரே பெயர், ஒரே அடிப்படை. ஆனால் கட்டுக்குக் கட்டு வேறு மூளை தேவைப்படும்.

குதிரையும் 260-ம்

சீட்டைவிட அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது சதுரங்கக் குதிரை. புதிர் இதுதான்: காலியான 64 கட்டப் பலகையில் குதிரை மட்டும் நகர வேண்டும். ஒரு கட்டத்தையும் விடக் கூடாது, ஒரு கட்டத்துக்கு இரண்டு முறை போகவும் கூடாது.

குதிரை போகும் வரிசையில் கட்டங்களுக்கு 1 முதல் 64 வரை எண் போட்டால் ஓர் எண்சதுரம் கிடைக்கும். எந்த வரிசையைக் கூட்டினாலும், எந்த நெடுக்கைக் கூட்டினாலும் 260 வர வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தால்? அதுதான் மாயச் சதுரக் குதிரைப் பயணம். ஐரோப்பாவில் வில்லியம் பெவர்லி என்பவர் 1848-ல் அப்படியொன்றை வெளியிட்டார். மும்மடியும் தன் பங்குக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார். அவருடைய தீர்வு பட்டுத் துணியில் அச்சிடப்பட்டது.

இது எவ்வளவு கஷ்டம் என்பது 2003-ல்தான் தெளிவாகத் தெரிந்தது. கணினிகள் எல்லா வாய்ப்புகளையும் தேடி முடித்தன. அடிப்படையில் வேறுபட்ட பயணங்கள் மொத்தம் 140 மட்டுமே. மூலைவிட்டங்களும் சேர்த்து 260 வரும்படியான பயணம் 8-க்கு 8 பலகையில் ஒன்றுகூட இல்லை. கணினி இல்லாத காலத்தில், காகிதத்தில் எழுதி அழித்து அவர் இதைப் பிடித்தார்.

ஸ்ரீரங்கத்தின் பழைய பதிப்பு

இந்தக் குதிரை மைசூருக்கு முன்பே ஸ்ரீரங்கத்தில் ஓடியிருக்கிறது. சுமார் 700 வருடம் முன்னால், அரங்கநாதரின் பாதுகையைப் போற்றி வேதாந்த தேசிகர் ‘பாதுகா சஹஸ்ரம்’ பாடினார். அதில் 30-வது பகுதி சித்திரக்கவி. அங்கே 929-வது சுலோகத்தின் 32 எழுத்துகளையும் வரிக்கு எட்டாக நான்கு வரியில் எழுதி, குதிரை நகர்வில் படித்தால் 930-வது சுலோகம் கிடைக்கும். இரண்டுமே பொருள் தரும் சுலோகங்கள்.

இரண்டிலும் குதிரை ஒன்றுதான். தேசிகர் பாதிப் பலகையில் எழுத்துகளை வைத்தார், மும்மடி முழுப் பலகையில் எண்களை வைத்தார். ஒன்றில் மாயம் அர்த்தத்தில் இருக்கிறது, மற்றதில் கூட்டுத்தொகையில்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடுவது நம் வீடுகளில் இன்னும் பழக்கம்தான். பாம்பு இறக்கும், ஏணி ஏற்றும், கடைசிக் கட்டம் வைகுண்டம். மும்மடியின் பலகைகளும் அந்த மரபைச் சேர்ந்தவைதான். அவர் சாமுண்டீஸ்வரி பக்தர். அவருடைய ஆட்டங்களில் தெய்வங்களும் கிரகங்களும் கட்டத்துக்குக் கட்டம் வருவதற்குக் காரணம் அதுதான்.

வெறும் பொழுதுபோக்கா?

ஆட்சியை ஒழுங்காக நடத்தாமல் விளையாடிக்கொண்டிருந்த ராஜா என்று அவரைச் சொல்லிவிடலாம். பாதி உண்மைதான். 1831-க்கு முன் அவருடைய நிர்வாகத்தில் விவசாயிகள் பட்ட கஷ்டத்தை எந்த மாயச் சதுரமும் மறைக்காது. ஆனால் கமிஷனர் ஆட்சியில் அவருக்கு விதி எழுத இடமிருந்த ஒரே ராஜ்ஜியம் அந்தப் பலகைதான் என்பதும் உண்மை. வரி போட முடியாது, படை நடத்த முடியாது. எந்தச் சீட்டு எதை வெல்லும் என்று முடிவு செய்யலாம்.

ஆனாலும் அவர் நிஜ ஆட்டத்தைக் கைவிடவில்லை. ஆண் வாரிசு இல்லாததால் 1865-ல் சாமராஜேந்திரரைத் தத்தெடுத்தார். அதை ஆங்கிலேயர்கள் ஏற்காவிட்டால், அவர் மரணத்தோடு மைசூர் ஒரேயடியாக ஆங்கில மாகாணமாகிவிடும். அதற்கும் விடாமல் மனு போட்டார். 1867-ல் தத்து ஏற்கப்பட்டது. அடுத்த வருடம், 1868 மார்ச் 27 அன்று, 73 வயதில் இறந்தார். வாரிசுக்கு அப்போது ஐந்து வயது. 1881 மார்ச் 25 அன்று மைசூர் ஆட்சி மறுபடி உடையார்களிடம் வந்தது.

இப்போது எங்கே பார்க்கலாம்?

மைசூரு ஜகன்மோகன் அரண்மனை 1861-ல் அவர் காலத்தில் கட்டப்பட்டது. இன்று அது ஓவியக் கூடம். அதன் சுவர்களில் அவருடைய ஆட்டப் பலகைகள் வண்ணத்தில் வரையப்பட்டிருக்கின்றன. பலரும் ஏதோ அலங்காரக் கட்டம் என்று கடந்து போய்விடுகிறார்கள். மைசூர் கஞ்சிஃபா சீட்டுகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

அடுத்த முறை மைசூரு போனால், தசரா அரண்மனையோடு திரும்பிவிடாமல் அந்தச் சுவர் முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். போகும் முன் வீட்டில் ஒரு தாளில் 8-க்கு 8 கட்டம் போட்டு, குதிரையை நகர்த்தியும் பாருங்கள். 260 எல்லாம் அப்புறம். முதலில் 64 கட்டத்தையும் முடிக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும்.