பிரித்துத் தைத்த பூட்ஸும் தென் துருவமும்

தென் துருவத்தை முதலில் அடைந்தவர் யார்? ரோல்ட் அமுண்ட்சென். பொது அறிவுப் புத்தகத்திலேயே பதில் இருக்கு. ஆனால் அவர் காலில் என்ன மாட்டியிருந்தார் என்று நாம் கேட்டதுண்டா? மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு, அவர் நட்ட கொடியைவிட அந்த பூட்ஸ் மேல்தான் கண்!

அமுண்ட்சென் 1872 ஜூலை 16-ல் நார்வே நாட்டின் போர்கே என்ற ஊரில், கப்பல் முதலாளிகள் குடும்பத்தில் பிறந்தார். மகன் டாக்டராக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. மகனுக்கோ, ஜான் பிராங்க்ளின் ஆர்க்டிக்கில் பட்ட பாட்டைப் படித்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை. பசியில் பூட்ஸ் தோலைத் தின்றவர் என்று பெயர் வாங்கியவர்தான் அந்த பிராங்க்ளின்! 1893-ல் அம்மா காலமானதும் மருத்துவப் படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டார் அமுண்ட்சென்.

1903 முதல் 1906 வரை, 'யோவா' என்ற சின்னக் கப்பலில் ஆறு பேரோடு வடமேற்குக் கடல்வழியைக் கடந்தார். இடையில் இரண்டு குளிர்காலம் கிங் வில்லியம் தீவில் தங்கியபோது, அங்குள்ள இன்யூட் மக்களிடம் பாடம் கற்றார். உடுப்பும் காலணியும் தொளதொளவென்று இருந்தால்தான் சூடு நிற்கும். வேர்வை தேங்கினால் ஆபத்து. அவர்களுக்கு இது பரம்பரை ஞானம்.

1911 ஜனவரியில் அண்டார்க்டிகாவில் இறங்கி, 'ஃபிராம்ஹெய்ம்' என்ற மரவீட்டை அமைத்தார். பனிச்சறுக்குப் பலகைக்கென்றே செய்த பூட்ஸ்கள் கூடவே வந்திருந்தன. இதில்தான் சிக்கல். பலகையைக் கட்டுப்படுத்த சோல் விறைப்பாக இருக்கணும். ரத்தம் ஓட மேல்பாகம் இளக்கமாக இருக்கணும். இரண்டையும் ஒரே ஜோடியில் கொண்டுவருவது லேசான வேலையா?

ஏப்ரல் வரை உணவுக் கிடங்குகள் அமைக்கப் போனபோதே பூட்ஸின் லட்சணம் தெரிந்துவிட்டது. ஒரே இறுக்கம், கட்டை மாதிரி விறைப்பு. நாலு சாக்ஸ் போட உள்ளே இடமில்லை. உள்ளே வேர்வை உறைந்தால் காலைச் சுற்றி ஐஸ்தான். அவசரப்பட்டு அடுப்போரம் காய வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும்; எண்ணெய்ப்பசை போனால் ஈரம் உள்ளே ஏறும். ஆகவே, சூரியனே வராத நான்கு மாத இருட்டில் உட்கார்ந்து பிரித்தார்கள், தைத்தார்கள், மாட்டிப் பார்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள்.

ஆனால் ஸ்காட் முந்திவிடுவாரோ என்ற பதற்றம் அமுண்ட்செனை விடவில்லை. செப்டம்பர் 8-ல் எட்டுப் பேர் கிளம்பினார்கள். குளிர் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே! திசைகாட்டியில் இருந்த திரவமே உறைந்தது. பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. மூன்று பேருக்குக் குதிகால் சதை உறைந்துபோனது. கடைசி நாளில் அமுண்ட்சென் வேகமாக முன்னே போய்விட, குதிகால் கெட்டுப் பின்தங்கிய பிரெஸ்ட்ருடைத் தனியே விடாமல் இரவில் கொண்டுவந்து சேர்த்தவர் யால்மர் யோஹான்சன். மறுநாள் அவர் தலைவரை எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். அதனால் துருவக் குழுவில் அவருக்கு இடமில்லாமல் போனது. 1913 ஜனவரியில் அவர் தற்கொலை செய்துகொண்டார். மாவீரரின் வாழ்க்கையில் இது ஒரு கறை என்றே நான் சொல்வேன்.

பூட்ஸ்கள் திரும்பவும் ஊசிக்கு வந்தன. அக்டோபரில் ஐந்து பேர் புறப்பட்டார்கள். டிசம்பர் 14-ல் துருவம்! 99 நாள் பயணம் முடிந்து 1912 ஜனவரி 25-ல் ஐவரும் நல்லபடியாகத் திரும்பினார்கள்.

1926-ல் 'நோர்கே' ஆகாயக் கப்பலில் வட துருவத்துக்கு மேலேயும் பறந்தார் அமுண்ட்சென். 1928 ஜூன் 18-ல், காணாமல் போன நோபிலேயைத் தேடி விமானத்தில் போனவர் திரும்பவேயில்லை. நோபிலே பிழைத்தார், தேடப்போனவர் மறைந்தார்.

தோலின் இடத்துக்கு 1960-களில் பிளாஸ்டிக் வந்தது. அதுவும் சாகாவரம் பெற்றதல்ல. பூட்ஸின் ஆயுளை வருஷக் கணக்கில் மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை நாள் சறுக்கினோம் என்பதே முக்கியம். முதலில் அமுங்கித் தளர்வது உள்ளே இருக்கும் மெத்தை லைனர். வெளி ஓடு பாலியூரித்தேனாக இருந்தால், சும்மா அலமாரியில் கிடந்தாலும் ஈரப்பதத்தால் மெல்லச் சிதைந்து ஒருநாள் படீரென்று உடையலாம். சறுக்கி முடித்ததும் லைனரைக் கழற்றி உலர்த்தணும், ஹீட்டர் பக்கம் வைக்கக்கூடாது, கொக்கிகளை லேசாகப் பூட்டி வைக்கணும், ரோட்டில் நடந்து சோலைத் தேய்க்கக்கூடாது. அடுப்போரம் வைத்த தோலுக்கும் ஹீட்டர் பக்கம் வைத்த பிளாஸ்டிக்குக்கும் கதி ஒன்றுதான்!

தோழர்களே! ஃபிராம்ஹெய்மில் யாரும் முடிந்த வேலை என்று பூட்ஸை மூலையில் போட்டுவிடவில்லை. போட்ட தையலைப் பிரிக்க அவர்கள் கூச்சப்படவும் இல்லை. நாளை நாம் செய்கிற எந்தப் பொருளிலும் யாரோ ஒருவருடைய குதிகால் இருக்கும். வேலையை ஒப்படைக்கும் முன் இன்னொரு தரம் மாட்டிப் பார்ப்போம்!