மருந்தறிஞர் சுப்பாராவ்

மழலைச் செல்வமே மனைக்கு விளக்கம் என்பர். அவ்விளக்கு நோயென்னும் சூறைக்காற்றால் அணையக் காணும் பெற்றோரின் துயரம் சொல்லி முடியாதது. குருதிப் புற்றுநோய் அத்தகைய சூறைக்காற்றாகும். 1947ஆம் ஆண்டு வரை, கடுமையான குருதிப் புற்றுநோய்க்கு ஆளான குழந்தைகள் சில வாரங்களிலோ சில திங்களிலோ உயிர் நீத்தனர். மருத்துவர்கள் செய்வதறியாது நின்றனர். அந்நோயை முதன்முதலில் தணித்துக் காட்டிய மருந்தை அளித்தவர், நம் நாட்டில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

சுப்பாராவ் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள் பிறந்தார். இளமையில் அவர் மனம் கல்வியில் பதியவில்லை. மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தோற்றார். தாயார் தளர்ந்தாரல்லர், தம் நகைகளை விற்று மகனைப் படிப்பித்தார். மூன்றாம் முறை, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று சுப்பாராவ் தேர்ச்சி பெற்றார்.

பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அது நாட்டு விடுதலை வேட்கை பெருகிய காலம். காந்தியடிகளின் அறிவுரையை ஏற்ற சுப்பாராவ், அறுவைப் பயிற்சிக்கும் கதராடை உடுத்தே சென்றார். ஆங்கிலப் பேராசிரியர் அதனால் சினங்கொண்டார். தேர்வை நன்கு எழுதியும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

அதனினும் பெரியதொரு துன்பம் அவரை வந்து தாக்கியது. உண்ட உணவு உடலில் ஒட்டாமல் வயிற்றுக்கழிச்சலை உண்டாக்கி, குருதியைக் குன்றச் செய்யும் ஸ்புரூ என்னும் நோய், உடன்பிறந்தார் இருவரைச் சில நாள் இடைவெளியில் மாய்த்தது. மருத்துவம் கற்றும் அவர்களைக் காக்க அவரால் இயலவில்லை. இத்தகைய நோய்களுக்கு மருந்து காண்பதே தம் வாழ்வின் பணி என அவர் உறுதி பூண்டார்.

1922ஆம் ஆண்டு அவர் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரை அடைந்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். கையிற் பொருளில்லை. ஆதலின், இரவு வேளைகளில் மருத்துவமனையொன்றில் நோயாளரின் கழிகலங்களைத் துப்புரவு செய்து பொருளீட்டினார். உழைப்பில் இழிவென்பது இல்லை என்று அவர் உணர்ந்திருந்தார். 1925இல் பிஸ்கே என்னும் பேராசிரியரோடு சேர்ந்து, குருதியில் உள்ள பாஸ்பரசின் அளவை அறியும் முறையை வகுத்தார். தசை இயங்குதற்குரிய ஆற்றலைத் தரும் பொருள்களையும் அவ்விருவரும் கண்டறிந்தனர். ஆயினும் பல்கலைக்கழகம் அவருக்கு நிலையான பதவி நல்கவில்லை. 1940இல் அவர் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார்.

அங்கே அவர்தம் குழுவினர் 1945இல் போலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தைச் செயற்கையாக ஆக்கினர். அது ஸ்புரூ நோயாளரின் குருதிக் குறைவைப் போக்கியது. உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு மருந்து கிடைத்தது. ஆனால், அவர்களைக் காக்கும் காலம் கடந்துவிட்டது!

அப்பொழுது பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி பார்பர் என்னும் அறிஞர், குருதிப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். போலிக் அமிலத்தைச் சார்ந்த பொருள்களைக் கொடுத்தபோது அந்நோய் விரைந்து முற்றுவதைக் கண்டார். அவ்வாறாயின், அச்சத்தைத் தடுத்தால் நோய் தணியும் அன்றோ? சுப்பாராவின் ஆய்வுக்கூடம் அமினாப்டெரின் என்னும் மருந்தை அவருக்கு அளித்தது. பதர் நெல்லைப் போலத் தோன்றும். ஆயின், பசியைத் தீர்க்காது. அதுபோலவே, போலிக் அமிலத்தை ஒத்த வடிவுடைய இம்மருந்து நோயணுக்களுள் புகுந்து, அவை பெருகாதவாறு தடுத்தது. மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்தது. அத்தணிவு நிலைத்து நிற்கவில்லை, நோய் மீண்டது. எனினும், வெல்லவே இயலாது என்றிருந்த நோயை எதிர்க்க இயலும் என்பது விளங்கிற்று.

இச்செய்தி 1948 ஜூன் திங்களில் வெளியாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களிலேயே சுப்பாராவ் தம் 53ஆம் வயதில் உறக்கத்தில் இயற்கை எய்தினார். தாம் இட்ட வித்து மரமாவதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. அவ்வாய்வுக்கூடத்தில் தோன்றிய மற்றொரு மருந்தாகிய மெதோடிரெக்சேட், பிற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டுப் பெரும்பயன் விளைத்தது. நோய் மூளையைப் பற்றாதவாறு தண்டுவட நீரிலும் அது செலுத்தப்படுகிறது. குழந்தைகளின் மூளைக் கட்டிகள் சிலவற்றிற்கும் அது மருந்தாகிறது. இன்று மருத்துவ வசதி மிக்க நாடுகளில், குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் குருதிப் புற்றுநோய் வகையினின்றும் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர். யானைக்கால் நோய்க்கு இன்றளவும் பயன்படும் மருந்தும் சுப்பாராவின் குழுவினர் கண்டதேயாம்.

சுப்பாராவ் புகழை நாடினாரல்லர். 1995இல், அவர் பிறந்த நூறாம் ஆண்டில், இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. ஆயினும், அவர் பெயரை அறியாமலே அவர் மருந்தால் பிழைத்து விளையாடும் குழந்தைகளே அவருக்கு அமைந்த உண்மையான நினைவுச் சின்னம். தேர்வில் தோற்றவர் வாழ்விலும் தோற்பர் என்பது பொய். தம் துயரைப் பிறர் துயர் துடைக்கும் கருவியாக்கிக் கொண்டவரே மாந்தருள் மேலோர்.