புரன் அப்புவும் ஏழையின் தலையில் விழுந்த வரியும்

மலையகத்தில் பயணம் செய்வோர் அதன் வீதிகளின் வளைவுகளையும் இருமருங்கும் விரிந்துள்ள தேயிலைப் பசுமையையும் கண்டு வியக்கின்றனர். அவ்வீதிகளுக்கு விலை கொடுத்தவர் யார் என்ற கேள்வி எழுவது அரிது. அக்கேள்வியை 1848 ஆம் ஆண்டில் எழுப்பிய மக்களோடு நின்று உயிரையும் ஈந்தவர் வீர புரன் அப்பு. அவரது வரலாற்றைச் சிங்கள மக்களின் வீரகாதை என்று மட்டும் கருதி நாம் ஒதுங்கி நிற்பது முறையன்று.

1812 நவம்பர் 7 ஆம் திகதி மொறட்டுவை, உயனவில் பிறந்த அவரது இயற்பெயர் வீரஹென்னெதிகே பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ. இளம் வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறி, இரத்தினபுரியில் சட்டத்தரணியாக இருந்த மாமனாரிடம் சிறிது காலம் வாழ்ந்தார். பின்னர் ஊவாவிலும் கண்டிப் பகுதியிலும் திரிந்து, 1847 இல் கண்டிப் பெண் ஒருவரை மணந்தார். அதற்கு முன்னரே அரசாங்கத்தால் தேடப்பட்டவர் அவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கரையோரத்தில் பிறந்த அந்த மனிதரை மலைநாட்டு மக்கள் தம் தலைவர்களுள் ஒருவராக ஏற்றமைக்குக் காரணம், அன்று அவர்கள் அனைவரையும் ஒருங்கே அழுத்திய சுமையாகும்.

அச்சுமை கோப்பித் தோட்டங்களின் வீழ்ச்சியோடு வந்தது. 1847 இல் பிரித்தானியாவில் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியால் கோப்பி விலை சரிந்தது. தோட்டத்துரைமார் தீர்வைக் குறைப்புக் கோரினர். குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட் வகுத்த திட்டப்படி, தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் அரசு கோப்பி ஏற்றுமதித் தீர்வையை நீக்கிற்று. அதனால் ஏற்பட்ட சுமார் 40,000 பவுண் பற்றாக்குறையை ஈடுசெய்யப் பொதுமக்கள்மீது நேர்வரிகள் விதிக்கப்பட்டன.

துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, வண்டிக்கு வரி, கடைக்கு வரி. இவற்றோடு வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு 6 நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும். இயலாவிடின் பணம் கட்ட வேண்டும் என்றது வீதிக் கட்டளைச் சட்டம். கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் பாதையால் பெரும்பயன் பெற்றவர் துரை. கல்லுடைக்க வேண்டியவரோ கிராமவாசி. சிறுகடை வைத்திருந்தவர் சிங்களவராயினும் தமிழராயினும் முஸ்லிமாயினும் கடைவரிக்குத் தப்ப வழியிருக்கவில்லை. இவ்வரிகளை விதித்த சட்டநிரூபண சபையில் அம்மக்கள் தெரிந்தெடுத்த பிரதிநிதி ஒருவரேனும் இருக்கவில்லை.

ஜூலை 6 ஆம் திகதி கண்டிக் கச்சேரியின் முன் மக்கள் திரண்டு முறையிட்டனர். முறையீடு பயனளிக்கவில்லை. ஜூலை 26 இல் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா மன்னராக முடிசூட்டப்பட்டார். புரன் அப்பு அவரது படைத்தலைவரானார். இரு நாட்களின் பின் மாத்தளைக்குள் புகுந்த கிளர்ச்சியாளர் கச்சேரியைத் தாக்கி அங்கிருந்த ஆவணங்களை அழித்தனர். இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. நவீன ஆயுதங்களின் முன் கிளர்ச்சி நிலைக்கவில்லை. சில நாட்களில் பிடிபட்ட புரன் அப்பு இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, ஆகஸ்ட் 8 ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35.

அவரது மரணம் வீண்போகவில்லை. அடக்குமுறையின் கொடுமை பற்றிப் பிரித்தானியப் பாராளுமன்றக் குழு விசாரித்தது. 1850 இல் டொரிங்டன் திருப்பியழைக்கப்பட்டார். வரிகளுட் பல கைவிடப்பட்டன. எனினும், வீதி வேலைக்குப் பதிலான தலைவரி நிலைத்தது. 1920களின் தொடக்கத்தில் கண்டியில் பிறந்த ஏ. ஈ. குணசிங்கவும் அவரது இளம் இலங்கையர் சங்கமும் அதை எதிர்த்துப் போராட நேர்ந்தது.

இங்கே நமது சொந்த வரலாறும் குறுக்கிடுகின்றது. கிளர்ச்சி மூண்ட அதே தம்புள்ளை, மாத்தளைப் பாதையால்தான் தமிழகத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளர் கால்நடையாகத் தோட்டங்களுக்குச் சென்றனர். கோப்பி அழிந்து தேயிலை வந்தபின், ஹற்றனிலும் நுவரெலியாவிலும் அவர்கள் பறித்த கொழுந்து அரசின் கருவூலத்தை நிரப்பிற்று. இறக்குமதி அரிசிமீதான தீர்வையை ஒவ்வொரு வேளை உணவோடும் அவர்கள் செலுத்தினர். ஆயினும், கிளர்ச்சி நடந்து சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவரை உரிமையில்லாதவரிடமும் வரி மட்டும் தவறாமல் அறவிடப்பட்டது.

வரி என்பதே கொள்ளை என்று வாதிடுவோர் இன்று உலகெங்கும் உள்ளனர். அவர்களோடு நாம் உடன்படவில்லை. வரியின்றிப் பாடசாலையில்லை, வைத்தியசாலையில்லை. வருமானத்தை மறைக்கும் செல்வந்தர் புரன் அப்புவின் வாரிசாகத் தம்மைக் காட்டிக்கொள்ளவும் இயலாது. அவர் நின்றது வலியவரின் சுமையை எளியவரின் தலையில் இறக்கி வைத்ததற்கு எதிராகவே.

2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்த்தப்பட்டது. அவ்வரிக்குட்பட்ட பொருளை வாங்கும்போது லயன் அறையில் வாழும் தாயும் கொழும்பின் பெருவணிகரும் ஒரே வீதத்தையே செலுத்துகின்றனர். வரித்திட்டம் வகுப்போர் மாத்தளைக் கச்சேரியை ஒருகணம் நினைத்துப் பார்த்தல் நன்று. கொடுப்பவரின் வலிமையை அளந்து, அவரது குரலையும் கேட்டு விதிக்கப்படும் வரியே நிலைக்கும்.